கனகாம்பிகை அலை பிடித்த படலம்

நான்கு அடுப்பிலும் நான்கு கறி கொதிக்க ஐந்தாவதைப் பற்றிச் சிந்திக்க வல்லவளும், பஸ் கதவு மூடிய பின்னும் ஒற்றை விரலை உயர்த்தி அதை மீண்டும் திறக்கவைக்கும் பார்வை படைத்தவளும், தோர்ண்டன் ஹீத் கடைத்தெருவின் முருங்கைக்காய்களெல்லாம் தன் கைபட்டு முற்றலென்றும் பிஞ்சென்றும் தீர்ப்புப் பெறக் காத்துக் கிடக்கும் பெருமையுடையவளும், பாலேந்திராவின் மனைவியும் சுசிலாவின் அக்காவுமாகிய கனகாம்பிகையை முதற்கண் வணங்குகிறோம். அவளுக்கும், ஒரு பாண் ரொட்டித் துண்டினும் பெரிதல்லாத வெள்ளைப் பெட்டிக்கும் மூண்ட போரை இனிச் சொல்லப் போகிறோம். ரயில் பாதைக்கு அப்பால், ஏழுமாடிக் கட்டடத்தின் உச்சந்தலையில், மழைக்கும் புறாவுக்கும் அசையாமல் நிற்கும் போன் அலைக்கோபுரமே, கதை முடியும்வரை அறுந்துபோகாமல் எங்கள் பக்கம் நின்றருள்வாயாக.

போருக்கு வித்து ஒரு மட்டன் ரோல்.

நகரின் மறுகோடியான வால்தம்ஸ்டோவில், தங்கை சுசிலாவின் வீட்டில், அவள் மகள் மேனுஷாவுக்கு நிச்சயதார்த்தம் நடந்த நாளில், மாப்பிள்ளை வீட்டார் வரிசையாய் அமர்ந்திருந்த அந்த மாபெரும் சபையின் நடுவே, பொன்னிறமாய்ப் பொரிந்து, ஒன்றைப்போல் ஒன்று நீளமும் பருமனும் பிசகாமல், படையணிபோல் தட்டில் நின்ற ரோல்களில் ஒன்றைக் கடித்த கனகாம்பிகை, கடித்த வாயை மூடுமுன்பே, "ரோல்ஸ் கடையில எடுத்ததோ?" என்று கேட்டுவிட்டாள். அதைப் பாராட்டாகக் கேட்டாளா, குத்தலாகக் கேட்டாளா என்பது அன்றும் அவளுக்குத் தெளிவில்லை; பிறகு எத்தனையோ முறை குளியலறையில் தனியே நின்று தன்னைத்தானே விசாரித்தும் தெளியவில்லை. சுசிலாவின் முகம் மட்டும் அந்தக் கணமே இருண்டது. அன்று மாலைக்குள் வட்ஸ்அப்பில் அக்காவின் வாசல் அடைக்கப்பட்டது. அடுத்த மாதம் கலியாண அட்டை தபாலில் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஒரு சொல் வரவில்லை.

எங்கள் சனத்துக்கு அட்டை என்பது வெறும் அட்டைதான். பொன்னெழுத்தில் அச்சடித்தாலும் வாயால் சொன்னால்தான் அது சொன்னதாகும். சொல்லாத கலியாணத்துக்குப் போகிறவர் மண்டபத்தில் கதிரை பிடித்து உட்காரலாமேயொழிய உறவு என்று நிமிர்ந்து நிற்க ஏலாது. மேனுஷாவைப் பால்போத்தல் காலத்திலிருந்து தூக்கித் திரிந்த பெரியம்மா, அவள் மணவறை ஏறும்போது ஒன்றில் வீட்டில் கிடக்கவேண்டும், அல்லது மூன்றாம் வரிசையில் ஆரோ போல் இருக்கவேண்டும். இவ்விரு அவமானங்களுக்கும் நடுவே ஒரே ஒரு பாதைதான் திறந்திருந்தது: சாதாரணத் தொலைபேசி அழைப்பு. அதில் அவள் சொல்லவேண்டியதும் பிழை ஒப்புக்கொள்ளும் ஒரே ஒரு வசனம்தான்.

ஆனால் கனகாம்பிகையின் வீட்டுக்குள் சிக்னல் நுழைவதில்லை. வைஃபை வழியாகப் பேசும் அஸ்திரமோ, தன் மகள் கழித்துவிட அவள் கைக்கு வந்த பழைய போனுக்கு அருளப்படவில்லை. வாசலுக்கு வெளியே போய்ப் பேசலாமே என்பீர்கள். வாசலுக்கு வெளியே பஸ் தரிப்பு; பஸ் தரிப்பில் எந்நேரமும் எங்கள் சனம். அங்கே நின்று தங்கையிடம் பிழை ஒப்புக்கொள்வதும், அதைத் தமிழ் வானொலியில் அறிவிப்பதும் ஒன்றுதான். நேரே வால்தம்ஸ்டோவுக்குப் போய்க் கதவைத் தட்டலாமே என்றும் கேட்பீர்கள். அந்தக் கதவு திறக்காமல் விட்டால் என்ன செய்வது என்று எண்ணிப் பார்த்த இரவுகளை அவள் எவரிடமும் சொன்னதில்லை.

ஆகவே பாலேந்திரா ஒரு சனிக்கிழமை, வெற்றிச் சங்கு ஊதாத குறையாக, சிக்னலைப் பெருக்கித் தரும் பூஸ்டர் என்னும் அந்தக் கருவியைக் கொண்டுவந்து சேர்த்தார். அதற்கு இரு உறுப்புகள். ஒன்று, வெளியே நின்று கோபுரத்தின் குரலைக் கேட்கும் அன்டெனா. வெளியே சாய்க்கும் ஏணி என்ற சொல்லைக் கேட்டாலே பின்வாங்கும் வீரராகையால், அதைக் கூரைக்கு வெளியே பூட்டாமல் கூரைக்குள்ளேயே, பரணில், பழைய சூட்கேசுகளுக்கு நடுவே நட்டார். மற்றது, கேட்ட குரலை வீட்டுக்குள் உரக்கச் சொல்லும் வெள்ளைப் பெட்டி. வீட்டின் உயர்ந்த இடம் எது, தூய இடம் எது என்று ஆராய்ந்து, மேல்மாடிச் சாமியறையின் தட்டில், பிள்ளையாருக்கும் லட்சுமிக்கும் இடையில் அதை எழுந்தருளச் செய்தார். மிச்சக் கேபிளைச் சுருளாய்க் கட்டித் தட்டின் பின்னால் செருகினார். கனகாம்பிகை விரல் நிறையச் சந்தனம் குழைத்து, புதுக் கார், புது ரைஸ் குக்கர் எதற்கும் வைப்பதுபோல, பெட்டியின் நெற்றி நடுவே வட்டமாய் ஒரு பொட்டிட்டு, அதன்மேல் குங்குமமும் வைத்தாள். போனில் நான்கு கோடுகள் எழுந்தன. தம்பதியர் கைகூப்பினர்.

முதற்போர் அன்று மாலையே நிகழ்ந்தது. வால்தம்ஸ்டோவில் மணி அடித்தது. சுசிலா எடுத்தாள். கனகாம்பிகை சுகம் கேட்டாள், மழையைச் சொன்னாள், மண்டபத்துக்குப் பார்க்கிங் உண்டோ என்று சுற்றினாள், சுற்றிச் சுற்றி மூலஸ்தானத்தை நெருங்கினாள். "சுசி, அண்டைக்கு நான் சொன்னது..." என்று அவள் தொடங்கிய அக்கணம், வாளால் வெட்டினாற்போல் அழைப்பு அறுந்தது. மறுநாளும் அவ்வாறே, திங்களும் அவ்வாறே. மழைக்கும் பார்க்கிங்குக்கும் வழிவிட்ட பெட்டி, அந்த ஒரு வசனத்தின் வாசலில் மட்டும் கதவைச் சாத்தியது. செவ்வாய்க்கிழமை தங்கையிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி அம்பென வந்து தைத்தது: "இடையில போனை அடிச்சு வைக்கிறதெண்டால் எனக்குக் கோல் எடுக்காதேங்கோ." பிறந்த நாள் முதல் 'நீ' என்று அழைத்தவள் 'ங்கோ' போட்டிருந்தாள். அந்த இரண்டெழுத்தைக் கனகாம்பிகை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாலேந்திரா படை திரட்டினார். பஸ் தரிப்புக்குப் போய் நின்று, பூஸ்டர் கம்பனியின் உதவி இலக்கத்தை அழைத்து, வீணையொத்த காத்திருப்பு இசையை அரைமணி நேரம் கேட்டுத் தவமிருந்து, ஷெறோன் என்னும் தேன்குரலாளின் தரிசனம் பெற்றார். பெட்டியின் முன்பக்கத்தில் விளக்கு என்ன நிறம் என்று அவள் கேட்டாள். பாலேந்திரா வீட்டுக்குள் ஓடி, படியேறி, பார்த்து, படியிறங்கி, மூச்சு வாங்கியபடி, விளக்கே இல்லை என்றார். விளக்கே இல்லையென்றால் மின்சாரமே போகவில்லை என்று அவள் தீர்ப்பளித்தாள். போனில் கோடு தெரிகிறதே என்று அவர் வாதிட்டார். அப்படி இருக்க முடியாது என்று அவள் கனிவோடு சொன்னாள். உடனே பிளக் மாற்றப்பட்டது; பிளக்கின் ஃபியூஸ் மாற்றப்பட்டது; எக்ஸ்டென்ஷன் வயர்கள் பாம்புகளென நெளிந்து வந்து சாமியறையில் குவிந்தன; பிள்ளையாரின் மின்விளக்குகூடப் பறிக்கப்பட்டு அந்தத் துளை பெட்டிக்கு வழங்கப்பட்டது. விளக்கு தெரியவில்லை. அழைப்பும் நிலைக்கவில்லை.

"இஞ்சேருமப்பா, இது செத்துச் செத்துப் பிழைக்கிற சாமான்," என்று பாலேந்திரா வாளைக் கீழே போட்டார். "திருப்பிக் குடுப்பம்."

வேண்டாம், இன்னும் ஒருநாள் பார்ப்போம் என்றாள் கனகாம்பிகை. சொல்லிவிட்டுத் தன் குரலைத் தானே கேட்டாள். அதில் அவசரமில்லை. இங்கே, படைகளின் ஆரவாரத்துக்கு நடுவே, வரலாறு பதிவுசெய்யத் தவறும் ஒரு சிறு செய்தியைச் சொல்லியாக வேண்டும்: ஒவ்வொரு முறை அழைப்பு அறுந்தபோதும், அவள் நெஞ்சில் ஏமாற்றம் எழுவதற்கு ஒரு நொடி முன்னால், ஒரு சின்ன நிம்மதி எழுந்து மறைந்தது. சொல்லப் போனேன், பெட்டிதான் விடவில்லை. அந்த நிம்மதியை அவள் கண்டும் காணாதவள்போல் இருந்தாள். பாத்திரத்தின் அடியில் பிடித்த கரியைப் பார்த்தும் பார்க்காமல் கவிழ்த்து வைப்பதுபோல, அதையும் கவிழ்த்து வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. ஞாயிறு கலியாணம்.

வெள்ளிதோறும் செய்வதுபோல் கனகாம்பிகை முழுகி, ஈரத்துணி எடுத்து, சாமிப்படங்களின் பழைய பொட்டுகளைத் துடைத்துப் புதியன வைக்கத் தொடங்கினாள். பிள்ளையாரைத் துடைத்தாள். லட்சுமியைத் துடைத்தாள். இடையில் இருந்த பெட்டியையும், பாகுபாடு காட்டாமல், துடைத்தாள். ஆறு நாள் காய்ந்த சந்தனம் பொருக்காய் உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில், உச்சிவேளைச் சூரியனென, ஊழித்தீயின் பொறியென, அடக்கிவைத்த சினமெல்லாம் திரண்டதென, ஒரு சிவந்த ஒற்றைக்கண் திறந்து அவளையே பார்த்தது.

விளக்கு இருந்திருக்கிறது. ஆறு நாளாய் எரிந்து எரிந்து எச்சரித்திருக்கிறது. அவள்தான் பக்தியோடு அதன் கண்ணைக் கட்டியிருக்கிறாள்.

பெட்டியோடு வந்த தாளைத் தேடியெடுத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, சிவப்பு என்ற சொல்லுக்கு நேரே விரல் வைத்துப் படித்தாள். கேட்கும் அன்டெனாவும் பேசும் பெட்டியும் அளவுக்கு மீறிக் கிட்ட இருந்தால், பெட்டி பேசுவதையே அன்டெனா மீண்டும் கேட்கும். கேட்டதைப் பெட்டி இன்னும் உரக்கச் சொல்லும். இப்படித் தன் குரலைத் தானே கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் தாங்காமல், கருவி தன்னைக் காத்துக்கொள்ள வாயை மூடிவிடும். இடைவெளி விடவும் என்று தாள் முடித்திருந்தது. அன்டெனா சாமியறைக்கு நேர் மேலே, ஒரு மெல்லிய உட்கூரைப் பலகை மட்டும் தடுக்க, சூட்கேசுகளுக்கு நடுவில் நின்றது. கனகாம்பிகை அந்த வரிகளை இரண்டாம் முறையும் படித்தாள். இத்தனை நாளும் தங்கையிடம் பேசும்போதெல்லாம் அவள் கேட்டுக்கொண்டிருந்ததும் தன் குரலைத்தான். குளியலறையில் ஒத்திகை பார்த்த குரலை. சுசிலா என்ன சொன்னாள் என்று கேட்டால் ஒரு வார்த்தைகூட நினைவில்லை.

அவள் எழுந்தாள். தட்டின் பின்னாலிருந்த கேபிள் சுருளை அவிழ்த்தாள். பொட்டில்லாத பெட்டியைக் கையிலேந்தி, கேபிள் பட்டத்தரசியின் மேலாடைபோல் பின்னே இழைய, படிப்படியாய் இறங்கினாள். கேபிள் முடிந்த இடம் வாசற்கதவோரம், செருப்பும் சப்பாத்தும் அடுக்கும் தட்டு. சற்றுமுன்வரை தெய்வங்களின் நடுவே வீற்றிருந்ததைப் பாலேந்திராவின் வேலைச் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைப்பதா என்று அவள் கை ஒருகணம் தயங்கியது. மனதுக்குள் பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு வைத்தாள். பிளக்கைப் போட்டாள். சிவப்பு சிமிட்டியது, செம்மஞ்சளாகியது, பின் பச்சையாகி நிலைத்தது.

போர் முடிந்தது என்று முரசறையலாம். ஆனால் உண்மையான களம் அப்போதுதான் திறந்தது. இனிச் சாட்டுச் சொல்லப் பெட்டி இல்லை. அவள் சப்பாத்துகளுக்கு நடுவே, கடைசிப் படியில் அமர்ந்து, இலக்கத்தை அழுத்தினாள். மணி நெடுநேரம் அடித்தது.

"ஹலோ," என்றாள் சுசிலா, கதவுச் சங்கிலியைக் கழற்றாத குரலில்.

"சுசி, நான் ஒருநாளும் வைக்கேல்லை. சாமான் தானா நிண்டது," என்றாள் கனகாம்பிகை. மழையையும் பார்க்கிங்கையும் தாண்டி நேரே உள்ளே போனாள். "அண்டைக்கு ரோல்ஸைப் பற்றி அந்தாக்களுக்கு முன்னால சொன்னது பிழை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நாளும் எடுத்தனான்."

மறுமுனை அடங்கியது. கனகாம்பிகை விளக்கைப் பார்த்தாள். பச்சை. அழைப்பு அறவில்லை, இது தங்கையின் மௌனமேதான். முதல்முறையாக அவள் எதையும் ஒத்திகை பார்க்காமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தூரத்தில் ஆரோ நாற்காலி இழுத்தார்கள். ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது.

"அக்கா," என்றாள் சுசிலா, தணிந்த குரலில். "அது கடையில எடுத்ததுதான்."

"என்ன?"

"இரண்டு நாளா நிண்டு கையால செய்ததெண்டு சம்பந்தியாக்களுக்குச் சொல்லி வாய் மூடேல்லை, நீ வந்து கடிச்ச கையோட கேக்கிறாய். உன்ர நாக்குக்கு ஒரு தாழ்ப்பாள் இல்லையோ?" அவள் குரல் கோபமும் சிரிப்பும் ஒன்றையொன்று தள்ள உடைந்தது. "ஞாயிறு வெள்ளனவே வா. பிள்ளைக்குப் பூ வைக்கிறது நீதான். சொல்லிப்போட்டன்."

அச்சொல் ரயில் பாதையைக் கடந்து, ஏழுமாடி உச்சியில் ஏறி, சூட்கேசுகளின் நடுவே இறங்கி, மாடிப்படி வழியே வழிந்தோடி, வேலைச் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது, அக்காமாரும் தங்கைமாரும் பிரிந்து கிடந்த காலமெல்லாம் ஒரு பச்சை விளக்கின் முன் மண்டியிட, வால்தம்ஸ்டோவும் தோர்ண்டன் ஹீத்தும் ஒரே முற்றமாகி, எந்தக் கடை, எவ்வளவு எடுத்தாய், எண்ணெய் எப்படி இவ்வளவு குறைச்சல் என்று எல்லையற்ற பேருரையாடல் ஒன்று கடலெனப் பொங்கிப் புறப்பட்டது.

அன்று மத்தியானம் பாலேந்திரா சோற்றைத் தானே சூடாக்கிச் சாப்பிட்டார்.