முப்பத்தேழு செல்களும் ஒரு பதிவேடும்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாகச் செய்த உருப்படியான காரியம், எங்கள் ஆய்வகத்தின் மூன்றாவது மாடியில் நிற்கும் அந்தக் கருவியை வாங்கியதுதான். முன்பெல்லாம் ரத்தப் புற்றுநோயாளியின் ரத்தத்தை மொத்தமாகக் கலக்கி, லட்சக்கணக்கான செல்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு சராசரி சொல்வார்கள். என்ன அநியாயம்! இப்போது ஒவ்வொரு செல்லையும் தனியாகப் பிரித்து, அடையாள எண் கொடுத்து, அதற்குள் எந்த மரபணு விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்று படித்துவிடுகிறோம். எங்களிடம் ஒரு செல்லுக்குக் கிடைக்கும் மரியாதை என் மாமனார் வீட்டில் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆளுக்குத்தான் பெயர் கிடையாது. "அந்தரங்கம் காத்தல்" என்ற உன்னத விதிப்படி, ரத்தம் மாடியேறுமுன் பெயரைக் கிழித்துவிட்டு எண்ணை ஒட்டுவோம். எந்த எண் யாருடையது என்பது ஒரே ஒரு பதிவேட்டில் இருக்கும். அதைப் பூட்டி வைத்திருக்கும் மாபெரும் பதவி என்னுடையது.

போன மாதம் 114ஆம் எண் ரத்தத்தில் முப்பத்தேழு செல்கள் அகப்பட்டன. ஒன்பது வருடமாக விழுங்கிய மாத்திரைக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு ஒளிந்திருந்தவை. சாதாரணப் பரிசோதனைக்கு இவை தெரியாது. நோய் போய்விட்டது என்றே சொல்லும். அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பி வரும். எங்கள் குழு அவசரமாகக் கூடி, இரண்டு மணி நேரம் விவாதித்து, அந்தச் செல்களுக்கு "உறங்கும் வேங்கைகள்" என்று பெயர் சூட்டியது.

நான் பதிவேட்டைப் பார்த்திருந்தேன். 114, எங்களுக்கு வெள்ளை கோட்டு தைத்துத் தரும் தையல்காரர். இயக்குநரிடம் ஓடினேன்.

"சார், அந்த ஆளுகிட்ட சொல்லிடலாமா?"

"எழுதிக் கேட்டா சொல்லலாம்" என்றார் இயக்குநர்.

"எதைக் கேக்கணும்னு அவருக்கு எப்படி சார் தெரியும்?"

"அதைச் சொன்னா அந்தரங்கம் போச்சேய்யா!"

எப்பேர்ப்பட்ட மூளை!

நேற்று தையல்காரர் கோட்டுகளோடு வந்தார். கூடவே மனைவி, கையில் சாக்லேட் டப்பா.

"அண்ணே, ரத்தம் சுத்தமாயிடுச்சாம். நாளையோட மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டாரு டாக்டர்!" என்றார் தையல்காரர்.

கொடுத்த சாக்லேட்டை நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இயக்குநரோ இரண்டு எடுத்துக்கொண்டு, வந்தவர்களைச் சுவரில் மாட்டிய 114ஆம் எண் ரத்தத்தின் படத்துக்கு அழைத்துப்போய் முப்பத்தேழு வேங்கைகளையும் பெருமையாக விளக்கினார்.

"ஐயையோ! அந்த ஆளுக்குச் சொல்லிட்டீங்களா சார்?" என்றார் தையல்காரர்.

"அவர் யாருன்னே எனக்குத் தெரியாது. அதுதான் எங்க சிறப்பு!"

"அவரு பொண்டாட்டி எவ்வளவு நிம்மதியா இருப்பாளோ, பாவம்" என்றார் மனைவி.

"எழுதிக் கேட்டா சொல்லலாமாம்" என்று மெல்ல எடுத்துக்கொடுத்தேன். என் வீரம் அவ்வளவுதான்.

தையல்காரர் உடனே காதிலிருந்த பென்சிலை எடுத்து, ரசீதின் பின்பக்கம் எழுதினார்: "ஐயா, அந்த ஆள் யாராக இருந்தாலும் தயவுசெய்து சீக்கிரம் சொல்லிவிடவும். குடும்பம் உள்ளவராக இருப்பார். இப்படிக்கு, தையல்காரர்."

இயக்குநர் வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சம்பந்தப்பட்டவர்தான் கேக்கணும். அடுத்தவங்க மனுவை ஏத்துக்க முடியாது. தள்ளுபடி பண்ணிடுங்க."

அந்த மனு சரியான ஆளிடமிருந்துதான் வந்திருக்கிறது என்று உலகத்திலேயே அறிந்தவன் நான் ஒருவன்தான். முத்திரையை எடுத்தேன். "சம்பந்தமில்லாத நபர்" என்று தையல்காரரின் கண்ணெதிரிலேயே குத்தினேன்.

"விடுங்கண்ணே, உங்க மேல என்ன தப்பு?" என்று என் தோளைத் தட்டினார் தையல்காரர்.

எழுத்தில் கேட்கவில்லை என்பதால் நான் பதில் சொல்லவில்லை.