கல்கோழி

அமெரிக்காவின் டுலூத் நகரப் பேருந்து ஓட்டுநர் ஆர்லன் ஹௌகன் அந்தச் சபதத்தை எடுத்தது அக்டோபர் மாதத்தில், வயிறு நிறைந்திருந்த நேரத்தில். ஆர்லனின் தம்பி எதிரில் வைத்து, "இவருக்கு வெந்நீர் வெக்கவும் தெரியாது" என்று மனைவி லொரெட்டா சொல்லிவிட்டாள். ஆர்லனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இந்த வருஷம் நன்றி நாளுக்கு வான்கோழி நான்தான் சமைக்கிறேன். நீ சமையலறைப் பக்கமே வரக்கூடாது."

லொரெட்டா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சரி" என்றாள்.

இருபது வருஷத் தாம்பத்தியத்தில் அவள் வாதாடாமல் "சரி" சொன்னது அதுதான் முதல் தடவை.

நவம்பர் நாலாவது வியாழன், ஊரெல்லாம் வான்கோழி விருந்து வைக்கும் நன்றி நாள், வந்தது. வருஷா வருஷம் அன்று காலையில் மாமியாரை அழைத்துவர ஆர்லன்தான் இரண்டு மணி நேரம் காரோட்டிப் போவார். இந்த முறை லொரெட்டா சாவியை எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டு மணிக்கு வந்துடுவோம். பதினோரு பேர். அம்மா ரெண்டரைக்கு உக்காருவாங்க."

"தெரியும்."

"கையை ஏன் தேய்ச்சுக்கிட்டே இருக்கே?"

"குளிருது."

"அடுப்பு பக்கத்துலதானே நிக்கிறே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாமியார் பெர்னிஸ் முப்பது வருஷம் ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தை ஆண்டவள். மற்ற பெண்கள் கைப்பையில் கண்ணாடி வைத்திருப்பார்கள். இவள் இறைச்சியில் குத்திச் சூடு பார்க்கும் கம்பி வைத்திருந்தாள். வேகாத கோழியால் படுத்த படுக்கையானவர்களின் கதைகளைப் பெயர், வயது, வார்டு எண்ணோடு சொல்வாள்.

ஆர்லன் வான்கோழியின் வயிற்றுக்குள் கையை விட்டார். உள்ளே பனிக்கட்டி. எட்டுக் கிலோப் பறவை. முந்தின நாள் சாயங்காலம்தான் உறைபெட்டியிலிருந்து எடுத்திருந்தார். நாலு நாள் முன்னாலேயே எடுத்திருக்க வேண்டும் என்று உறைமேலேயே அச்சிட்டிருந்தது. இப்போதுதான் படித்தார். அது வான்கோழி இல்லை, கல்கோழி.

குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி முக்கினார். தலைமுடி உலர்த்தும் கருவியைக் காட்டினார். தொடையைத் தட்டிப் பார்த்தார். கதவைத் தட்டிய மாதிரி சத்தம் கேட்டது. பதினோரு மணிக்குக் கண்ணை மூடினால் பதினோரு பேரும் வரிசையாக வார்டில் படுத்திருந்தார்கள். பன்னிரண்டாவது கட்டிலில், கை விலங்கோடு, அவர்.

பன்னிரண்டு மணிக்கு வான்கோழியைக் கார் கொட்டகையில் பழைய டயருக்குள் ஒளித்துவிட்டு, ஏதாவது வழி கேட்கலாம் என்று பின்பக்க வேலியைத் தாண்டி ஓடினார். அங்கே ஹில்மா என்ற விதவைப் பாட்டியம்மாள் தனியாக இருந்தாள். கதவு திறந்ததும் வறுத்த வான்கோழி வாசனை முகத்தில் அடித்தது.

"வாப்பா. வழக்கமா லொரெட்டா பத்து மணிக்கே வந்துடுவாளே. இந்த வருஷம் நீயா?"

"வழக்கமாவா?"

"பத்தொம்பது வருஷமா நான்தானே செஞ்சு தரேன். ஏன், உனக்குத் தெரியாதா?" ஹில்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, மூடி என்ன பயன் என்று எடுத்துவிட்டாள். "பின்னே நீ எதுக்குப்பா குளிர்காலம் பூரா என் வாசல்ல பனி அள்ளறே?"

"பாவம், தனியா இருக்கீங்க, புண்ணியம்னு அவதான் அனுப்புவா."

"புண்ணியமா? அது கூலிப்பா."

ஆர்லனுக்கு இடுப்பு வலித்தது. பத்தொன்பது குளிர்காலமும் ஒன்றாக வலித்தது. ஆனாலும் கூடவே ஒரு தெம்பு வந்தது. லொரெட்டாவின் குடுமி இப்போது தன் கையில். ஹில்மா வறுத்த வான்கோழியைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்.

இரண்டரை மணி. பெர்னிஸ் உட்கார்ந்தாள், கைப்பையைத் திறந்தாள், கம்பியைக் குத்தினாள். மேஜையில் எல்லாரும் கம்பியையே பார்த்தார்கள். கம்பியில் சூடு காட்டும் முள் நகர்ந்தது, நின்றது.

"தப்பில்ல, மாப்பிள்ளை" என்றாள் பெர்னிஸ். ஒரு வாய் தின்றாள். "லொரெட்டா செய்யற மாதிரியே இருக்கு."

"நான்தானேம்மா சொல்லிக் கொடுத்தேன்" என்றாள் லொரெட்டா.

தட்டெடுக்கும் சாக்கில் ஆர்லன் அவளைச் சமையலறைக்குள் மடக்கினார்.

"ஹில்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. பத்தொம்பது வருஷம்."

லொரெட்டா பூசணி இனிப்பைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவே இல்லை.

"சரி. போய் அம்மாகிட்ட சொல்லு."

"சொல்ல மாட்டேன்னு நெனச்சியா?"

"சொல்லேன். அப்போ இன்னிக்குத் தின்னது யாரு சமைச்சதுன்னு கேப்பாங்க. நீ அதுக்கும் பதில் சொல்லணும்."

ஆர்லன் தட்டுகளைத் துடைத்தார். துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தார்.

லொரெட்டா இனிப்போடு வெளியே போய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அம்மா, கிறிஸ்துமஸுக்கும் இவர்தான் சமைக்கிறாராம். அவராவே கேட்டார்."

"அப்ப எங்க சர்ச் ஆளுங்களையும் கூட்டிட்டு வரேன்" என்றாள் பெர்னிஸ். "இருபத்திரெண்டு பேர்தான்."

எல்லாரும் கை தட்டினார்கள். ஆர்லனும் சிரித்தார். காலையிலிருந்து இறுகிப்போயிருந்த தோள் அப்போதுதான் தளர்ந்தது. இருபத்திரண்டு என்ன, நாற்பது பேர் வரட்டும். ஹில்மா வாசலில் இன்னும் ஒரு மாதம் பனி அள்ளினால் போயிற்று. எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்து, "கண்டிப்பா வாங்க" என்று சபைக்கு வாக்குக் கொடுத்தார்.

லொரெட்டா அவர் தட்டில் ஒரு துண்டு வைக்கக் குனிந்தாள். காதருகில் மெதுவாகச் சொன்னாள்.

"ஹில்மா ஞாயித்துக்கிழமை அரிசோனாவுக்கு மக வீட்டுக்குப் போறாங்க. ஏப்ரல்லதான் வருவாங்க."