விளையாட்டு பீரியடை மீட்கப் புகுந்த படலம்

வாழி! ஐவிரலும் சாக்பீஸ் தூள் படியக் கரும்பலகைப் போர்க்களத்தில் தன்னந்தனியே நின்ற ஒன்பதாம் வகுப்பின் கோல்கீப்பர் வாழி! வலைக்குள் ஒரு பந்தையும் நுழையவிடாத வன்கரத்தாள், விடைத்தாளுக்குள் ஒரு மதிப்பெண்ணையும் நுழையவிடாத திண்ணெஞ்சினாள், தோழியர் 'கோலி' என விளிக்கும் குன்றாப் புகழாள், முக்கோணத்தோடு மல்லுக்கட்டிய கதையைக் கேளீர்!

போர் மூண்ட காரணம் பெரிது. வாரம் முழுதும் பெஞ்சில் வாடிக்கிடந்த வகுப்பினர் வாராது வந்த மழையென ஏங்கிக் காத்திருந்த ஒரே விளையாட்டு பீரியடை, 'போர்ஷன் முடியல' என்னும் ஒற்றைக் கணையால் வீழ்த்திக் கவர்ந்துகொண்டார் கணக்கு மிஸ். ஜன்னலுக்கு அப்பால் பக்கத்து செக்‌ஷன் அணி, எதிராளிகளைக் காணாமல் பந்தைச் சும்மா உதைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்கக் கேட்க நம் கோலிக்கு வயிறு எரிந்தது. வகுப்பே கெஞ்சிக் கூத்தாடியதும் மிஸ் திருவாய் மலர்ந்தார்:

"யாராவது ஒருத்தர் இதை போர்டுல நிரூபிச்சுட்டா எல்லாரும் கிரவுண்டுக்குப் போகலாம். ஆனா காரணம் எழுதாத வரி செல்லாது!"

முதல் பெஞ்சின் மேதைகளுக்கு கிரவுண்டு என்றாலே வியர்க்கும், அவர்கள் அசையவில்லை. பந்துக்குப் பாய்வதுபோல் எழுந்து பாய்ந்தாள் கோலி.

பலகையில் நின்றான் பகைவன். ஏ என்னும் கொடுமுடியிலிருந்து இருபுறமும் சரிந்த சமப் பக்கங்கள் ஏபி, ஏசி. அடியில் பரந்த பிசி. அதன் நடுப்புள்ளி டி. கொடுமுடியிலிருந்து டி வரை வாள்போல் இறங்கி அவனை இரு கூறாய்ப் பிளந்த ஏடி. அவ்விரு கூறுகளும் சர்வசமம் என்று நாட்டியாக வேண்டும்.

ஏபி சமம் ஏசி, காரணம், கொடுக்கப்பட்டது. விழுந்தது முதல் அரண். பிடி சமம் டிசி. காரணம், டி நடுப்புள்ளி. விழுந்தது இரண்டாம் அரண். மூன்றாவதைக் காணோம். மூலை முடுக்கெல்லாம் தேடினாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள், பொறுமை இழந்து முழங்கினாள்:

"பார்த்தாலே தெரியுதே மிஸ்!"

"பார்த்தா தெரியுறதுக்குப் பேரு நிரூபணம் இல்லம்மா."

அப்போதுதான், இத்தனை நேரமும் நட்டநடுவே நின்றுகொண்டிருந்த ஏடி அவள் கண்ணில் பட்டது. ஏடி சமம் ஏடி என்று எழுதினாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஒப்பாரும் மிக்காரும் இல்லாத வேந்தரைத் தனக்குத் தானே நிகர் என்று புலவர்கள் புளுகுவார்கள். அந்தப் புகழுக்கு அணுவளவும் பொய்யின்றித் தகுதி பெற்றது அந்தக் கோடு ஒன்றுதான்.

"சரி. காரணம்?"

"அது அதேதான் மிஸ்! அதே கோடு வேற எதுக்குச் சமமா இருக்கும்?"

"உனக்குத் தெரியுது. அதுக்கு ஒரு பேரு இருக்குல்ல, அதை எழுது."

அந்தோ! கைக்குள் அடங்கிய பந்து நழுவுவதுபோல் சொல் நழுவியது. கடிகார முள் பாய, தவித்துத் திரும்பினாள். பெஞ்சுத் தோழி, வருடம் முழுதும் இருவரும் பிடுங்கிப் பிடுங்கிப் பயன்படுத்திய அந்த ஒற்றை ஜாமெட்ரி பாக்ஸைத் தலைக்கு மேல் தூக்கி, தன்னைத் தொட்டுக் காட்டினாள், கோலியைக் காட்டினாள், மறுபடி பாக்ஸைக் காட்டினாள். மின்னல் வெட்டியது!

"பொதுப் பக்கம்!"

விழுந்தது மூன்றாம் அரண்! ப-ப-ப விதிப்படி முக்கோணங்கள் இரண்டும் சர்வசமம் என்று அவள் எழுதியபோது பெஞ்சுகள் முரசென அதிர்ந்தன, ஷூ லேஸ்கள் நாணென இறுகின. மிஸ்ஸும் தலையசைத்துவிட்டார். அத்துடன் சாக்பீஸை வைத்துவிட்டு ஓடியிருக்கலாம். வென்றவளுக்கு அது போதவில்லை. 'நிரூபிக்கப்பட்டது' என்று பலகையின் பாதி அகலத்துக்கு எழுதினாள், ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டாள், கோடு கோணலாகவே, தோழியர் "வாடீ! வாடீ!" என்று கதறக் கதற அழித்து மீண்டும் இட்டாள், அதைச் சுற்றிக் கட்டம் கட்டினாள், கட்டத்தின் நான்கு மூலைகளிலும் பூ வரைந்து, வாகை சூடிய வேந்தெனத் திரும்பி, வலக்கை உயர்த்தி, "கெளம்புங்கடீ!" என்று விண்ணதிர முழங்கினாள்.

மணி அடித்தது, அடுத்த பீரியடும் கணக்குதான்.