எதிரி பார்க்கும் படலம்

உலகத்தில் வீரர்கள் இரண்டு வகை. யாரோடு மோதினாலும் ஜெயிப்பவர் ஒரு வகை. ஜெயிக்கக்கூடியவரோடு மட்டும் மோதுபவர் இன்னொரு வகை. முதல் வகையைப் புகழ ஊரே இருக்கிறது. இரண்டாவது வகைக்கு நாதியில்லை. பாவம், அவர்களுக்காக நாமாவது நாலு வார்த்தை பேச வேண்டாமா?

இதோ, அந்த இனத்தின் தலைசிறந்த ஒருவர். ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன். வாசலில் நேராக நுழைய முடியாமல் பக்கவாட்டில் நுழைகிற தோள், தலைக்கும் தோளுக்கும் நடுவே கழுத்து என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லாத உடம்பு, இடுப்பில் தட்டு அகலத்துக்குச் சாம்பியன் பட்டத்தின் பெல்ட். குளிக்கும்போது மட்டும் பெல்ட்டைக் கழற்றுவார். அப்போதும் குளியலறைக் கதவில், கண்ணில் படுகிற மாதிரி மாட்டியிருப்பார்.

மற்ற வீரர்கள் காலையில் எழுந்து ஓடுவார்கள். இவர் எழுந்து வீடியோ பார்ப்பார். எந்தப் புதுப் பையன் யாரை எந்தச் சுற்றில் சாய்த்தான் என்று பார்த்துவிட்டு, "இவனா? பச்சைப் பிள்ளை. கொஞ்சம் பழுக்கட்டும்" என்பார். அதே பையன் அடிபட்டு, தொப்பை போட்டு, மூச்சு வாங்க ஆரம்பித்ததும், "பாவம்யா, அவனுக்கும் ஒரு வாய்ப்பு குடுப்போம்" என்று மனம் இளகுவார். பழுப்பதற்கும் அழுகுவதற்கும் நடுவே ஒரு காலம் உண்டல்லவா? அந்தக் காலம் முழுக்க இவருக்கு முதுகுவலி.

இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். இடது கையால் குத்தியே எல்லோரையும் சாய்ப்பதால் 'இடக்கை' என்று பட்டப்பெயர் பெற்ற ஒரு புதுப் பையன் இருந்தான். குத்துச்சண்டைச் சங்கம் குறுக்கே வந்து விழுந்தது. 'இன்று சாயங்காலத்துக்குள் இடக்கையோடு மோதச் சம்மதம் சொல்லுங்கள். இல்லையென்றால் பெல்ட்டை எடுத்துக்கொள்வோம்' என்று சொல்லிவிட்டது.

சமையலறை மேஜையைச் சுற்றி அவசரக் கூட்டம். சாம்பியன், அவர் மனைவி, அவருடைய மேனேஜரான மச்சான், பயிற்சி தரும் மாஸ்டர். மேஜைமேல் மூன்று படங்கள். முதல் படத்தில், 'பீப்பாய்' என்று எல்லோரும் கூப்பிடுகிற தொப்பை வீரர். கடைசியாக எப்போது ஜெயித்தோம் என்பது அவருக்கே மறந்துவிட்டது. இரண்டாவது, இணையத்தில் வேடிக்கை வீடியோ போடும் பொடியன். கையுறையை எந்தப் பக்கம் மாட்டுவது என்று தெரியாது, ஆனால் அவன் வந்தால் அரங்கம் நிரம்பி வழியும். மூன்றாவது இடக்கை. அந்தப் படத்தின்மேல் சாம்பியன் காபி டம்ளரை வைத்திருந்தார்.

"மாமா, பொடியனோட ஒரு ஆட்டம் போட்டா இன்னொரு வீடே கட்டிடலாம்" என்றான் மச்சான்.

"பெல்ட் போயிடும்டா."

"அப்ப இடக்கையோட மோதுங்க, தம்பி" என்றார் மாஸ்டர்.

"எனக்கென்ன பயமா மாஸ்டர்? அவனுக்கு இன்னும் பேர் வரலை. அவன்கூட மோதினா எனக்குத்தானே கேவலம்?"

மாஸ்டர் கூரையைப் பார்த்தார். போன வருஷம் பூட்டிய கதவுக்குள் இடக்கையை வரவழைத்துப் பயிற்சிக்கு இரண்டு சுற்று ஆடினார் சாம்பியன். விலாவில் ஒரு குத்து. சாம்பியன் ஒரு முழங்காலை ஊன்றினார். "ஷூ கயிறு அவுந்துபோச்சு" என்றார். கயிறு கட்டி முடிக்க வெகுநேரம் ஆனது. அன்றிலிருந்து இடக்கையின் பெயரைக் கேட்டாலே அந்த விலாவில் அவர் கை தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். இப்போதும் அங்கேதான் இருந்தது.

திடீரென்று அவர் முகம் மலர்ந்தது. "மாப்ளே, சரின்னு சொல்லு! ஆனா நிபந்தனை இருக்குன்னு சொல்லு. ஆட்டம் நம்ம ஊர்ல, நம்ம அரங்கத்துல. போஸ்டர்ல அவன் பேரு எறும்பு சைஸ்ல. ரோஷக்காரன், முறுக்கிக்கிட்டுப் போயிடுவான். அவன்தான் பயந்து ஓடினான்னு நாம சொல்லிக்கலாம்."

மச்சான் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். திரும்பி வந்தான்.

"ஒத்துக்கிட்டான் மாமா."

"போஸ்டருக்குமா?"

"பேரே போடலைன்னாலும் பரவாயில்லையாம்."

சாம்பியன் டம்ளரை அழுத்திப் பிடித்தார். "நான் சொல்ற கையுறையைத்தான் மாட்டணும். தலகாணி மாதிரி இருக்குமே, அது."

போனான். வந்தான். "ஒத்துக்கிட்டான்."

"நான் மெதுவா பாட்டெல்லாம் போட்டுக்கிட்டு வருவேன். அதுவரைக்கும் அவன் ரிங்குல நின்னுக்கிட்டே இருக்கணும்."

"ஒத்துக்கிட்டான் மாமா. நல்ல பாட்டா போடச் சொன்னான்."

மனைவி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். சாம்பியனுக்கு வியர்த்தது. கடைசி ஆயுதத்தை எடுத்தார். "இடது கையால அடிக்கக் கூடாது!"

மச்சான் தயங்கித் தயங்கிப் போனான். இந்தத் தடவை சீக்கிரமே வந்துவிட்டான். "சரின்னுட்டான். வலது கையும் சும்மாத்தானே இருக்குங்கிறான்."

 சாம்பியன் மெல்ல எழுந்து நின்றார். நெஞ்சு விரிந்தது. "பாத்தீங்களா? எதுக்கு வேணும்னாலும் தலையாட்டுறான். துளிகூடச் சுயமரியாதை இல்லாதவன். இப்படிப்பட்டவனோட மோதி என் கௌரவத்தைக் கெடுத்துக்க மாட்டேன். முடியாதுன்னு சொல்லிடு!"

"ஏங்க, பெல்ட்டு?" என்றாள் மனைவி.

"மானம்தான் பெருசு."

"அப்ப அதைக் கட்டிக்கிட்டு நாளைக்கு வெளிய போங்க" என்று சொல்லிவிட்டு அவள் டம்ளரை எடுத்துக் கழுவப் போனாள்.

மாலையில் சங்கத்து ஆட்கள் வந்தார்கள். பெல்ட்டை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டார்கள். கொடுக்கும்போது சாம்பியனின் விரல்கள் கொஞ்ச நேரம் பிடியை விடவில்லை. ஒவ்வொன்றாகத்தான் விட்டன. அந்த ஒரு நிமிஷம் பார்க்கவே பாவமாகத்தான் இருந்தது. பிறகு அவர் நாற்காலியில் சாய்ந்து, பல மாதம் கழித்து விலாவிலிருந்து கையை எடுத்தார்.

மறுநாள் காலை பேப்பரில் செய்தி: காலியான பட்டத்துக்கு இடக்கை மோதப்போவது பீப்பாயோடு. வேறு யாரும் முன்வரவில்லையாம்.

முன்னாள் சாம்பியன் பேப்பரை மேஜையில் அடித்தார். "பாத்தியாடி! கோழைப்பய! சுலபமான ஆளாப் பாத்துப் பொறுக்கி எடுக்கிறான்!" அவர் கோபம் நூற்றுக்கு நூறு உண்மையானது. அதுதான் இந்த இனத்தின் அழகு.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். தெரிந்தவர் யாராவது நினைவுக்கு வந்தால் அவரிடம் இதைப் படித்தும் காட்டுங்கள். பேச வேண்டிய ஒருவரிடம் பேசாமல் பேச வேண்டாத ஒன்பது பேரோடு அரட்டை அடிக்கிறவர், கஷ்டமான பாடத்தைத் திறக்காமல் பென்சில்களை வரிசையாகச் சீவி வைக்கிறவர், இப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நீங்கள் அப்படியில்லை. நிச்சயமாக இல்லை. ஒரே ஒரு சந்தேகம்தான்: இதைப் படிக்க உட்கார்ந்தீர்களே, அப்போது எந்த வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தீர்கள்?