இடப்பக்கம் அகலம், வலப்பக்கம் மெல்லிசு

உலகத்தில் எந்தப் பொருளுக்கும் ஓரம் சரியாக அமையவில்லை என்று மனப்பூர்வமாக நம்பிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, ஆரணி பார்டர் அண்ணன்தான். பட்டுச் சேலைக்குக் கரை டிசைன் போடுவது அவர் தொழில். சொந்தப் பெயர் ரேஷன் கடைக்கு மட்டும்தான் தெரியும்.

சாலை ஓரத்தில் புதிதாக வெள்ளைக்கோடு போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் பைக்கை நிறுத்தி, "இன்னும் அர இன்ச் கொறச்சிருந்தா எடுப்பா இருந்திருக்கும்பா" என்று வருத்தப்பட்டவர். ஓரம் ஒரே சீராகச் சிவக்கவில்லை என்று ஓட்டலில் தோசையைத் திருப்பி அனுப்பியவர். ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டு நான் அவருடைய எதிர்வீட்டில் குடியிருந்தேன். காலையில் வந்து என் பேப்பரை வாங்கி விரிப்பார். செய்தியைப் படிக்க அல்ல. பக்கத்தைச் சுற்றி விட்ட வெள்ளை இடம் போதுமா என்று பார்க்க.

மகள் தேன்மொழிக்கு வேலூர் மாப்பிள்ளை நிச்சயமானதும், மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் கூடாது என்று முடிவெடுத்தார். ஒரு கிழட்டு அம்பாசிடரை வாங்கி, சேவூர் சாலையில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் யூசுப்பிடம் விட்டார். யூசுப் அதன் மூக்கை உருட்டி, பக்கவாட்டில் கால் வைத்து ஏறும் பலகை பொருத்தி, தாம்பாளம் போல விளக்குகள் வைத்து, அரக்கு நிறம் அடித்தார். ஏதோ ஜமீன்தார் இப்போதுதான் இறங்கி உள்ளே போனார் என்று சொல்லும்படி வண்டி நின்றது. புது டயர் மட்டும் பாக்கி.

"வெள்ளப் பட்ட போட்ட டயரு மாட்டுனா ஜம்முனு இருக்கும்ணா. அகலப் பட்டையும் வருது, மெல்லிசும் வருது. எதுன்னு ஜல்தியா சொல்லு, மெட்ராஸ்லேர்ந்து வரவழச்சிடலாம்" என்றார் யூசுப்.

ஊருக்கே கரை அகலம் சொல்லும் மனிதர் "யோசிச்சி சொல்றேன் பாய்" என்று நழுவியது அன்றுதான். காரணம் வீட்டில் இருந்தது. மனைவி வள்ளியக்காவுக்குக் கரை முழங்கால் வரை ஏற வேண்டும். தேன்மொழிக்கு விரல் அகலம் தாண்டக் கூடாது. முகூர்த்தப் புடவை எடுக்கும்போது இந்தச் சண்டை முற்றி, வள்ளியக்கா ஜெயித்தார். அதிலிருந்து தாயும் மகளும் நேராகப் பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றாலும் அண்ணன் வழியாகத்தான்.

"பொண்ணு கெளம்பறதுக்குள்ள ரெண்டு பேரும் சிரிச்சிகினு நிக்கிறத ஒரு தபா பாத்துட்டா போதும் சார்" என்றார் என்னிடம். "இந்த நேரத்துல டயரு வேற வந்து பேஜார் பண்ணுது."

வெள்ளை அட்டையில் பல அகலத்தில் வளையம் வெட்டி, வண்டியை எங்கள் தெருவுக்கு வரவழைத்து வெயிலில் நிறுத்தி, சக்கரத்தில் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தார். பத்தடி பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கினார். தெருவே கூடியது. ஆரணியில் டயரைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. கரையைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவர் யாருமே இல்லை.

"அகலமாவே போடுங்க. கல்யாண வண்டிக்கு எலி வாலு மாதிரியா வெப்பாங்க?" என்றார் வள்ளியக்கா.

"ப்பா, அவங்க சொல்றத போட்டா காரு மாதிரி இருக்காது. சுண்ணாம்பு அடிச்ச கெணறு மாதிரி இருக்கும்" என்றாள் தேன்மொழி.

மறுநாள் அண்ணன் ஷெட்டுக்குப் போய்த் தீர்ப்பு சொன்னார். மேல் கரை ஒரு நிறம், கீழ்க் கரை வேறு நிறம் என்று நெய்யும் கங்கா ஜமுனா சேலை போல, இடப்பக்க டயர் இரண்டுக்கும் அகலப் பட்டை. வலப்பக்கம் இரண்டுக்கும் மெல்லிசு.

"இன்னாணா, தமாஷா?" என்றார் யூசுப். "அப்படி ஒரு வண்டி எங்கனா ஓடுதா?"

"ஒரு காரோட ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல பாத்தவன் எவனாவது இருக்கானா, சொல்லு பாய்."

யூசுப் யோசித்தார். இல்லைதான். "அப்ப ஸ்டெப்னிக்கு?"

"அது பிளவுஸ் பிட்டு. பிளெய்னா இருக்கட்டும்."

டயர்கள் வந்தன. பட்டை வெள்ளையாக இல்லை, நீலமாக இருந்தது. அழுக்குப் படாமலிருக்கப் பூசி அனுப்பும் பூச்சு அது. யூசுப் சோப்புத் தண்ணீரை ஊற்றித் தேய்க்க, நீலம் ஓடையாக ஓடியது. அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சாயம் போவுது பாய்! மட்ட சரக்கு! திருப்பி அனுப்பு!"

"சாயம் போனாத்தாண்ணா இது நல்ல சரக்கு" என்றார் யூசுப். பட்டு ஊரில் அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அண்ணன் அதை ஜீரணிக்க ஒரு டீ தேவைப்பட்டது.

மாப்பிள்ளை அழைப்பு அன்று கணக்கு கச்சிதமாக இருந்தது. மண்டபம் சாலையின் இடப்புறம். வாசலில் ஆரத்தியுடன் வள்ளியக்கா. எதிர்ப்புற மாடி பியூட்டி பார்லரில் தேன்மொழிக்கு அலங்காரம். சன்னல் வண்டியின் வலப்பக்கத்தைப் பார்க்கும். ஆனால் நெல் லாரி ஒன்று வழியில் பஞ்சராகி நின்றதால், பேண்டு வாத்தியம் வேறு தெருவில் புகுந்து, மண்டபத்தை மறுமுனையிலிருந்து நெருங்கியது. இப்போது அகலப் பட்டை பார்லரைப் பார்த்தது.

அண்ணன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு முன்னால் ஓடினார். "நிறுத்தாதீங்க! நேரா போங்க! அந்தாண்ட போய்த் திருப்பினு வாங்க!"

"இன்னாங்க சம்பந்தி, மண்டபம் பின்னாடி போய்கினு இருக்குது" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"ஒரு ரவுண்டு போனாத்தாங்க மாப்பிள்ளைக்குக் கெத்து."

தன் கல்யாண மண்டபத்தைக் கடந்துபோன மாப்பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஊர்வலம் முனையில் திரும்பி வந்து நின்றது. வள்ளியக்கா டயரைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. மாடிச் சன்னலிலிருந்து பாதி தலை பின்னிய தேன்மொழி, "சூப்பர்ப்பா!" என்று கத்தினாள். அண்ணன் அங்கேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் கல்யாணம் முடிந்து வேலூருக்குக் கிளம்பும்போது குட்டு உடைந்தது. வள்ளியக்கா ஒரு பக்கமாகச் சீர்த் தட்டை வைக்க வந்தார். தேன்மொழி மறுபக்கமாக வந்தாள். இருவரும் டிக்கி அருகே சந்தித்து, டயர்களைப் பார்த்து, பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ம்மா, உன்னையும் ஏமாத்திட்டாரா?"

"இந்த மனுசன..." என்று தொடங்கிய வள்ளியக்காவால் சிரிப்பில் முடிக்க முடியவில்லை. மகள் தோளைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் டயரில் காற்று இருக்கிறதா என்று குனிந்து பார்த்தபடி வெகுநேரம் நிமிரவில்லை.

வண்டி திரும்பி வந்ததும் நாலையும் ஒரே மாதிரி மாற்றித் தருவதாக யூசுப் சொன்னார். அண்ணன் ஒப்பவில்லை. அதன் பிறகு, மெல்லிய பட்டை எப்போதும் வீட்டு வாசலைப் பார்க்கும்படி, தெருவில் மற்ற வண்டிகளுக்கு எதிர்த்திசையில் அதை நிறுத்தினார். வாசல் தெளிக்கும்போது வள்ளியக்கா அந்தப் பட்டையையும் துடைத்துவிட்டுப் போவார்.

ஆரணியில் தாறுமாறாக நிறுத்தப்படும் வாகனங்களைப் பற்றி நான் நிறைய எழுதியிருக்கிறேன். அந்த அரக்கு வண்டியைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதியதில்லை.