நாலு பட்டை, எட்டுச் சாக்கு

அன்றைக்குக் காலையில் பல் விளக்கிக்கொண்டே ஒரு முடிவு எடுத்தேன். இனி வண்டி விஷயத்தில் இந்த வீட்டில் என் பேச்சுதான் செல்லும்.

பெரிய முடிவுகளை நான் பல் விளக்கும்போதுதான் எடுப்பேன். அப்போது யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். வாயில் நுரை இருப்பதால் நானும் வெளியே சொல்லித் தொலைக்க முடியாது. இப்படிப் பல முடிவுகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

என் பெயர் தீனதயாளன். நாமக்கல்லில் மோகனூர் ரோட்டில் வீடு. சொந்தமாக ஒரு மினி லாரி வைத்துக் கோழிப் பண்ணைகளுக்குத் தீவன மூட்டை அடிக்கிறேன். வீட்டை ஒட்டி ஒரு தகர ஷெட். அதில் பாதி இடம் வண்டிக்கு. மீதி இடத்தில் என் கயிற்றுக் கட்டில். மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை என்னை யாரும் எழுப்பக் கூடாது. அந்த ஷெட்டுக்குத்தான் ஆபத்து வந்தது.

என் மனைவி சண்முகப்பிரியா வாழப்பாடிக்காரி. என் மாமனார் அங்கே மாவு மில் வைத்திருந்தார். அவர் போன பிறகு மில் நின்றது. மிஷின் மட்டும் மச்சினன் பிரபாகர் வீட்டுக் கொட்டாயில் கிடந்தது. அதைக் கொண்டுவந்து நம் ஷெட்டில் போட்டு ஓட்ட வேண்டும் என்பது அவளுடைய மூன்று வருட ஆசை. அவளுக்குத் தொழில் தெரியும். பத்து வயதில் அப்பா பக்கத்தில் நின்று மில் கல் கொத்திப் பழகியவள்.

ஆசையில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இடத்தில்தான். மாவு மில்லும் மதியத் தூக்கமும் ஒரே கூரைக்குக் கீழே நடக்காது. ஆனால் இதை மனைவியிடம் சொல்ல முடியுமா? அதனால் ஒரு சாக்கு வைத்திருந்தேன்.

"அம்மிணி, மில்லு முக்கால் டன்னு இருக்கும். நம்ம வண்டி பட்டை தாங்காது. ஒடிஞ்சு நடு ரோட்டுல நின்னுக்கும்."

"தீவனம் அதுக்கு மேல ஏத்தறீங்களேங்க?"

"தீவனம் பரவி உக்காரும். மில்லு ஒரே எடத்துல அமுத்தும்."

"அப்படிங்களா."

இந்த 'அப்படிங்களா' இருக்கிறதே, அது ஒப்புக்கொண்டதாகவும் இருக்காது, மறுத்ததாகவும் இருக்காது. எங்கோ எழுதி வைத்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

மூன்று வருடம் அந்தச் சாக்கு ஓடியது. அதைக் கெடுத்தவன் நான்தான்.

பண்ணைக்காரர்கள் கூடுதல் மூட்டை கேட்டார்கள். ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் குந்திக்கொண்டது. மேலே சொன்ன முடிவை எடுத்த அன்றைக்கே, யாரிடமும் கேட்காமல், சின்னுசாமியின் கமான் பட்டறைக்கு வண்டியை விட்டேன். பின் சக்கரத்துக்கு மேலே ஒன்றன் கீழ் ஒன்றாக வளைந்த இரும்புப் பட்டைகள் இருக்கின்றனவே, அதுதான் கமான். பாரத்தைத் தாங்குவது அதுதான்.

"பக்கத்துக்கு ரெண்டு பட்டை சேத்தாப் போதுமுங்கண்ணா," என்றான் சின்னுசாமி.

"நாலு போடு."

"நாலு போட்டா வண்டி கட்டையாட்ட ஆயிருமுங்கண்ணா. காலி வண்டில குலுக்கும்."

"வண்டி என்றதா, உன்றதா?"

நாலு போட்டான். வண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. நானும் அப்படியே வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"பாத்தியா அம்மிணி? இனி இந்த வண்டி ஆனையையே தாங்கும்!"

சண்முகப்பிரியா முறத்தைக் கீழே வைத்தாள். வண்டியைச் சுற்றி வந்தாள். குனிந்து பட்டையை எண்ணினாள்.

"அப்ப மில்லைத் தாங்குமுங்களா?"

ஆனைக்குப் பதிலாக ஆட்டுக்குட்டி என்று சொல்லியிருக்கலாம். வாயை விட்டாயிற்று.

ஆனால் கடவுள் என்னைக் கைவிடவில்லை. மறுநாளே வண்டி குலுக்க ஆரம்பித்தது. பாரத்தோடு போகும்போது ஒன்றும் தெரியவில்லை. இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் என் தலை கேபின் கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. கமான் என்றால் இங்கிலீஷில் 'வா' என்று அர்த்தமாம். எனக்கு இடுப்பு வலி வந்தது. வண்டிக்காவது சாக் அப்சார்பர் உண்டு. எனக்கு எலும்புதான்.

இருந்தாலும் மனசுக்குள் ஒரு சந்தோஷம். புதுச் சாக்கு கிடைத்துவிட்டது.

"தாங்கும் அம்மிணி. ஆனா இந்தக் குலுக்கலுக்கு மில்லு வாழப்பாடியில ஏறுனா, நாமக்கல்லுல தூளாத்தான் எறங்கும். குலுக்கல் நிக்கட்டும். அன்னைக்கே கொண்டாந்தரலாம்."

"நெசமாத்தானுங்களா?"

"என் வாக்கு."

"அப்படிங்களா."

அடுத்த நாளிலிருந்து குலுக்கலை நிறுத்தும் பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள். அங்கேதான் நான் உஷாராகியிருக்க வேண்டும். குலுக்கல் நின்றால் ஷெட் போய்விடும். நிற்காவிட்டால் இடுப்பு போய்விடும். நான் ஷெட்டின் பக்கம் நின்றேன்.

முதலில் சின்னுசாமிக்குப் போன் போட்டாள். அடுப்படியில் நின்று ரொம்ப நேரம் பேசினாள். வெளியே வந்து, "டயருல காத்து ஜாஸ்தியா இருந்தாலும் குலுக்குமாமுங்க," என்றாள். அவளே கூட வந்து பங்க்கில் காற்றைக் குறைத்தாள். வண்டி கொஞ்சம் இளகியது. எனக்குப் பயமாகிவிட்டது. சாயங்காலம் டீ குடிக்கப் போகிற மாதிரி போய், குறைத்ததற்கு மேலேயே ஏற்றிக்கொண்டு வந்தேன். மறுநாள் குலுக்கல் இரட்டிப்பானது. என் முதுகெலும்பில் எத்தனை கணு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"காத்துக் கொறச்சும் நிக்கலீங்களே!" என்றாள்.

"ஆமா அம்மிணி. என்னமோ போ," என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அடுத்து, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ட்டை முறுக்கிப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். கிரீஸ் அடிக்கச் சொன்னாள். அடித்தேன். இதிலெல்லாம் நான் ஏமாற்றவில்லை; ஏனென்றால் இதெல்லாம் செய்தும் குலுக்கல் குறையவில்லை. ஒரு வாரம் கழித்து எனக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, தீவனம் ஏத்திட்டுப் போறப்பக் குலுக்கறதில்லீல்ல?"

"இல்ல."

"அப்ப பாரம் பத்தலைங்கறதுதான் கோளாறு. ஞாயித்துக்கெழமை எங்க ஊருக்குப் போலாமுங்க. போறப்பக் காலியாப் போவோம். வாரப்பக் கொஞ்சம் பாரம் போட்டு வருவோம். வாராவாரம் பாரத்தைக் கூட்டிப் பாத்தா, எத்தனைல நிக்குதுன்னு தெரிஞ்சிரும்."

"பாரத்துக்கு எங்க போறது?"

"பிரபாகரு மணலு மூட்டை கட்டித் தாரானாமுங்க."

"ஏத்தறது எறக்கறது யாரு?"

"அங்க அவன் ஏத்தறான். இங்க எங்க மகளிர் குழுவுல நாலு பேரு வந்து எறக்கிப் போடறாங்க. நீங்க குனியவே வேண்டாம்."

குனிய வேண்டாம் என்ற பிறகு ஒரு மனிதன் என்ன கேள்வி கேட்பான்?

முதல் ஞாயிறு. அவள் மடியில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு ஏறினாள். எவ்வளவு சிந்துகிறது என்று பார்க்கவாம். ராசிபுரம் வருவதற்குள் சொம்பு காலி. என் வேட்டி நனைந்துவிட்டது. வாழப்பாடியில் மச்சினன் வீட்டில் கோழிக் குழம்பு. சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்து எழுந்தபோது வண்டியில் ரெண்டு சாக்கு ஏறியிருந்தது. ரெண்டும் வட்டமாக, தட்டையாக இருந்தன.

"மணலு ஏம் மாப்ள வட்டமா இருக்குது?" என்று பிரபாகரைக் கேட்டேன்.

பிரபாகர் அக்காவைப் பார்த்தான். அக்கா சொன்னாள்:

"ஈர மணலுங்க. அமுத்திக் கட்டுனா அப்படித்தான் உக்காரும்."

திரும்பும்போது சொம்பில் கால்வாசி மிஞ்சியது. வீட்டில் நாலு பெண்கள் வந்து அந்த மூட்டைகளை ஷெட்டின் மூலையில் இறக்கி, தார்ப்பாய் போட்டு மூடினார்கள். மணலை இவ்வளவு பதனமாக இறக்கி நான் பார்த்ததில்லை. நல்ல பெண்கள்.

இரண்டாவது ஞாயிறு மூன்று சாக்கு. அதில் ஒன்று ஆள் நீளத்துக்கு இருந்தது.

"இது?"

"ரெண்டு சாக்கை ஒட்டுக்காத் தச்சிருக்குதுங்க."

வழியில் ஒரு வேகத்தடையில் பின்னாலிருந்து டங்கென்று ஒரு சத்தம் கேட்டது.

"அம்மிணி, மணலு டங்குனு சத்தம் போடுமா?"

"காஞ்ச மணலு போடுமுங்க. நீங்க ரோட்டைப் பாருங்க."

சொம்பில் பாதி மிஞ்சியது.

அந்த வாரத்தில் ஒருநாள் நான் கட்டிலில் குப்புறக் கிடந்தபோது ஒரு காகிதத்தை நீட்டினாள். படுத்தபடியே கையெழுத்துப் போட்டேன். வண்டி இன்சூரன்ஸ் முடிகிற சமயம். மனைவி பொறுப்பாகக் கவனிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஷெட்டில் தார்ப்பாய்க் குவியல் நாளுக்கு நாள் கட்டில் பக்கம் நகர்ந்து வந்திருந்தது. ஒருவிதத்தில் வசதிதான். மதியத்தில் அதன் மேல் காலை நீட்டி வைத்துக்கொண்டு தூங்கினேன். இடுப்புக்கு இதமாக இருந்தது.

இதற்கிடையில் என் பக்கமும் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பங்க்குக்குப் போய்க் காற்றை ஏற்றினேன். அதோடு மூன்றாவது சாக்கு ஒன்றையும் தயார் செய்து வைத்தேன். அவள் சாக்கு ஏற்ற ஏற்ற, நான் சாக்குச் சேர்த்தேன். குலுக்கல் நின்றே போனாலும் பரவாயில்லை. மணல் மூட்டை தணிவாக இருக்கும். மில் உயரம். வளைவில் சாய்ந்துவிடும். இதற்கு அவளால் பதில் சொல்லவே முடியாது.

மூன்றாவது ஞாயிறு. மறுபடியும் மூன்று சாக்கு. ஒன்றைத் தூக்க பிரபாகரோடு அக்கம்பக்கத்து ஆட்கள் மூன்று பேர் வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது நடந்ததை நான் மறைக்கப் போவதில்லை. வண்டி தொட்டில் மாதிரி வந்தது. வேகத்தடையில் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது. மல்லூர் வந்ததும் என்னை அறியாமல் சீட்டியடிக்க ஆரம்பித்துவிட்டேன். சண்முகப்பிரியா மடியிலிருந்த சொம்பைக் காட்டினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"நின்னுருச்சுங்களா?"

"நின்னுருச்சு அம்மிணி."

"வாக்குக் குடுத்தீங்க."

"குடுத்தேன். ஊட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

வீட்டில் அந்த நாலு பெண்களும் ஏற்கெனவே வந்து நின்றிருந்தார்கள். மூட்டைகளை இறக்கி ஷெட்டுக்குள் கொண்டுபோனார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்றாவது சாக்கை எடுத்தேன்.

"அம்மிணி, இப்ப வந்தது மணலு. மணலு சாயாது. மில்லு ஒசரம். வளைவுல சாஞ்சிரும்."

"இன்னைக்கு வளைவுல ஏதாச்சுஞ் சாஞ்சுதுங்களா?"

"இல்ல."

"போன வாரம்?"

"இல்ல."

"அப்ப மில்லு சாயலீங்க," என்று தார்ப்பாயை இழுத்தாள்.

ரெண்டு மில் கல். இரும்புச் சட்டம். தானியம் கொட்டுகிற தொட்டி. பெல்ட்டுச் சக்கரம். இப்போது வந்த சாக்குகளைப் பெண்கள் பிரித்தார்கள். மோட்டாரும் மற்ற சாமான்களும் வெளியே வந்தன. எட்டுச் சாக்கில் ஒரு பிடி மணல் இல்லை. இரண்டு வாரம் என் மாமனாரின் மில் மேல்தான் நான் கால் நீட்டிப் படுத்திருக்கிறேன்.

சண்முகப்பிரியா உட்கார்ந்து கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். "கொத்தோணும். ரொம்ப மழுங்கிப் போச்சு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். சண்டை போடலாம் என்று வாயைத் திறந்தவன், மூடிக்கொண்டேன். ஆனால் தோற்றவனுக்கும் நாலு கேள்வி கேட்கும் உரிமை உண்டு.

"மில்லு ஓட மூணு பேஸ் கரண்ட்டு வேணுமே?"

"புதன்கெழமை குடுக்கறாங்க. நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்களே."

"அது இன்சூரன்ஸுன்னு..."

"நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. நீங்க படிக்கலீங்க."

"வண்டி எங்க நிக்கும்?"

"வெளிய வேப்ப மரத்தடில. உங்க கட்டிலை வண்டிக்குள்ள போட்டுத் தாரேன். நெழலா இருக்கும்."

"எல்லாம் சரி. நான் பங்க்குல காத்து ஏத்தி ஏத்தி வந்தேன். அப்பறமும் எப்படிக் குலுக்கல் நின்னுது?" என்று கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் சிரிக்கவில்லை.

"பங்க்குல மொத நாளே சொல்லிட்டாங்க. அதுக்குத் தக்கனதான் பாரத்தைக் கூட்டினேன்."

நாலு பெண்களும் மிகவும் மரியாதையாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கடைசியாக எனக்கு ஒரே ஒரு நியாயம் மிச்சமிருந்தது. அதையும் கேட்டேன்.

"மில்லுதான் எறங்கியாச்சே. நாளைலிருந்து நான் காலி வண்டில திரும்பி வாரப்பக் குலுக்குமே, அதுக்கு என்ன பண்றது?"

"அதுக்கென்னங்க, காலைல சின்னுசாமி வந்து ரெண்டு பட்டையைக் கழட்டிருவாப்ல, அதான் கோளாறுன்னு மொத நாளே போன்ல சொன்னாப்ல, நாந்தான் மில்லு வந்து சேரட்டுமுன்னு நிறுத்தி வெச்சிருந்தேன்."