இடது காலில் கறுப்பு, வலது காலில் பழுப்பு

எல்லாருக்கும் வணக்கம். சௌக்கியமாக இருக்கிறீர்களா? முட்டி வலி, முதுகு வலி, சர்க்கரை எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கின்றனவா? கண் எப்படி இருக்கிறது? கண்ணைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன். ஏனென்றால் மக்களாட்சி என்பது முழுக்க முழுக்கக் கண்ணால் நடக்கிற காரியம். காதுக்கு அதில் ஒரு வேலையும் கிடையாது. இந்தப் பேருண்மையை உலகத்துக்கே எடுத்துக்காட்டிய பெருமை எங்கள் ஊர் நகர மன்றத்தைச் சேரும்.

என் மருமகள் அந்த மன்றத்தில் உறுப்பினர். மன்றம் முழுவதற்கும் அவள் ஒருத்திதான் பெண். எங்கள் பகுதியில் ரயில் பாதைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை போகிறது. இந்தப் பக்கம் வீடுகள், அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. மழை பெய்தால் அதில் இடுப்பளவு தண்ணீர். இறைப்பதற்கு ஒரு மோட்டார் இருக்கிறது, இல்லை என்று சொல்லக் கூடாது. கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் இருமும், அப்புறம் படுத்துவிடும். எங்கள் எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் அந்தப் பக்கம் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஒரு முறை தவறினால் முகம் வீங்கிவிடுகிறது. தொடர்ந்து தவறினால் என்ன ஆகும் என்று அவர் மனைவி கேட்டதற்கு, டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். பெரிய மோட்டார் ஒன்று வேண்டும், அதுவும் மழைக்காலம் முற்றுவதற்குள் வேண்டும். அதற்காகத்தான் மருமகள் தேர்தலில் நின்றாள், ஜெயித்தாள்.

ஆனால் ஊருக்கு இதைவிடப் பெரிய பொறுப்பு ஒன்று வந்து சேர்ந்தது. இவள் என்ன உடுத்திக்கொண்டு வருகிறாள் என்று பார்க்க வேண்டுமே?

அந்தப் பொறுப்பைத் தலைமேல் சுமந்தவர் உள்ளூர்ப் பத்திரிகையின் நிருபர். யாரைப் பார்த்தாலும் உச்சியில் தொடங்கிப் பாதத்தில் முடிப்பார் என்பதால் அவருக்கு 'மேலிருந்து கீழ்' என்று பெயர். முதல் கூட்டத்தைப் பற்றி அவர் எழுதியதை நான் மனப்பாடமாகவே சொல்வேன். "புதிய உறுப்பினர் நீல நிறத்தில் வந்தார். நீலம் அமைதியைக் குறிக்கும். எனினும் கைப்பகுதியில் சற்றே இறுக்கம் தெரிந்தது. சுரங்கப்பாதை குறித்தும் பேசினார்." அந்தக் கடைசி வரியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு 'உம்'மில்தான் எங்கள் மோட்டார் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த கூட்டத்துக்குச் சாம்பல் நிறத்தில் போனாள். விரக்தியா, விலகப் போகிறாரா என்று செய்தி வந்தது. பாதி உறவுக்காரர்கள் எனக்குத் தொலைபேசியில் ஆறுதல் சொன்னார்கள். அதற்கடுத்து மஞ்சள். எதிரணிக் கொடியில் மஞ்சள் இருக்கிறதாம், தாவப் போகிறாள் என்றார்கள். சரி வம்பே வேண்டாம் என்று பழைய நீலத்தையே மறுபடி போட்டுக்கொண்டு போனாள். என் மகனை அவனுடைய அலுவலகத்தில் மேலாளர் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது கஷ்டமா என்று பரிவோடு விசாரித்தார். கடைத்தெருத் தையல்காரர் அந்த மாதத்திலிருந்து 'அரசியல் நோக்கர்' ஆகிவிட்டார். கழுத்துப்பட்டை அகலத்தை வைத்து அவர் அடுத்த தேர்தல் முடிவைச் சொல்லுவார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மற்ற ஊர்களில் உறுப்பினர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்க நாதியில்லை. எங்கள் ஊரில் பொத்தான் வரைக்கும் கண்காணிப்பு. ஆண் உறுப்பினர்களுக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கவில்லையே என்று மட்டும் வருத்தம். மன்றத் தலைவர் போட்டுக்கொண்டு வரும் கோட்டு, அவருக்குப் பதவி வருவதற்கு முன்பே வந்தது. அதன் முன்பக்கம் ஒரு தேநீர்க் கறை ஒரு பெரிய கண்டத்தைப் போலப் படர்ந்து கிடக்கும். 'மேலிருந்து கீழ்' அதை ஒரு தடவைகூடக் கண்டதில்லை. அனுபவம் என்று நினைத்திருப்பார்.

மோட்டார் தீர்மானம் கூட்டத்துக்குக் கூட்டம் தள்ளிப் போயிற்று. 'அவையின் கவனச் சிதறல் காரணமாக' என்று காரணம் சொன்னார்கள். தலைவர் பெரிய மனது பண்ணி மருமகளை அறைக்கு அழைத்து அறிவுரை சொன்னார்.

"நீங்க பேசுறதெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா யாருக்கும் கவனம் நிக்க மாட்டேங்குது. கண்ணை உறுத்தாத மாதிரி வந்தீங்கன்னா காதுல விழும்."

"எது உறுத்தாதுன்னு சொல்லிடுங்க சார். அதையே போட்டுட்டு வரேன்."

தலைவர் நெடுநேரம் கூரையைப் பார்த்து யோசித்தார். "அதை நீங்களாத்தாம்மா புரிஞ்சுக்கணும்" என்றார்.

தலைவர் யோசிக்கக் காரணம் இருந்தது. மோட்டாருக்கு ஆகிற செலவில் மன்றத்து வாசலில் ஒரு நீரூற்று வைக்க அவர் ஆசைப்பட்டிருந்தார். எங்களுக்கும் தண்ணீர், அவருக்கும் தண்ணீர். கருத்து வேறுபாடு அது மேலே போவதா, வெளியே போவதா என்பதில்தான்.

இங்கே மன்றத்தின் ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். கூட்டம் மதியச் சாப்பாட்டைத் தாண்டி இழுத்துக்கொண்டே போகிறது என்று தலைவரே கொண்டுவந்த சீர்திருத்தம் அது. தீர்மானத்தை வாசித்து முடிக்கிற நேரத்தில் எந்தெந்தக் கை மேலே இருக்கிறதோ அந்தக் கையெல்லாம் ஆதரவு. எதற்காகத் தூக்கினாய் என்று கேட்பது நேர விரயம். தலைவரின் தீர்மானங்களில் சந்தேகம் கேட்கக் கை தூக்கியவர்கள், சோம்பல் முறித்தவர்கள், மின்விசிறியைக் குறைக்கச் சொன்னவர்கள் எல்லாரும் ஆதரவாளர்களாகி வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறார்கள். செயலாளர் எழுந்து நிற்பார், எண்ணுவார், உட்காருவார். அவ்வளவுதான்.

ஒருநாள் விடியற்காலை கொட்டோ கொட்டென்று மழை. மின்சாரம் இல்லை. தபால்காரர் மனைவி கதவைத் தட்டினார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய கார் சுரங்கப்பாதைக்குள் நின்றுபோய்விட்டது, உள்ளே மனுஷர் உட்கார்ந்திருக்கிறார், தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. மருமகள் வாசலில் கிடந்த செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு ஓடினாள். காரைத் தள்ளிப் பார்த்து, நகரவில்லை என்றதும், அவளும் ஓட்டுநருமாகத் தபால்காரரை நாற்காலி போலக் கை கோத்துத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் கரையேற்றினார்கள். அங்கிருந்து நேரே மன்றத்துக்குப் போய்விட்டாள். அன்றுதான் தீர்மானம் மறுபடி எடுத்துக்கொள்ளப்பட இருந்தது. மழை விட்டதும் நான் ரயில் நிலையத்துப் படிக்கட்டு நடைபாலத்தில் ஏறி இறங்கி மாற்று உடை எடுத்துப் போனேன். மாற்றிக்கொண்டாள். சாம்பல் நிறம். இஸ்திரி போட்டது. அப்பழுக்கு சொல்ல முடியாது. நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்துகொண்டேன்.

'மேலிருந்து கீழ்' வழக்கம்போல் உச்சியிலிருந்து தொடங்கினார். முடி ஈரம், குறித்துக்கொண்டார். கழுத்து, தோள், கை, ஒன்றும் தேறவில்லை. ஏமாற்றத்தோடு பாதத்துக்கு வந்தவர் இருக்கையை விட்டு எழுந்தே விட்டார்.

இடது காலில் கறுப்புச் செருப்பு. வலது காலில் பழுப்பு.

செய்தி வரிசை வரிசையாகப் பரவியது. மருமகள் எழுந்து தீர்மானத்தை வாசிக்க ஆரம்பித்தாள். இது இரண்டு அணிகளும் சேரப் போவதற்கான குறிப்பு என்றார் ஒரு உறுப்பினர். வெளிநாட்டில் இப்போது இதுதான் மோஸ்தர், தன் மைத்துனி படம் அனுப்பியிருக்கிறாள் என்றார் இன்னொருவர். எதிர் வரிசையிலிருந்த ஒருவர் இடதில்தான் பழுப்பு என்று அடித்துச் சொன்னார். அவர் பக்கமிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும் என்று பக்கத்திலிருந்தவர் விளக்க, அவை அதிர்ந்தது. அவள் தண்ணீரின் ஆழத்தை வாசித்தாள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களின் கணக்கை வாசித்தாள், மோட்டாரின் திறனை வாசித்தாள். தலைவர் நேரடி ஆய்வுக்காக மேசைக்கு அடியில் குனிந்தார். அவள் வாசித்து முடித்தபோது, செருப்பைப் பற்றிக் கருத்துச் சொல்ல வாய்ப்புக் கேட்டு அத்தனை பேர் கையும் மேலே நின்றது.

செயலாளர் எழுந்தார், எண்ணினார். "ஆதரவு, வந்திருக்கிற எல்லாரும். எதிர்ப்பு இல்லை. தீர்மானம் நிறைவேறியது" என்று சொல்லி உட்கார்ந்தார்.

மேசைக்கு அடியிலிருந்து, "எது?" என்றொரு குரல் வந்தது.

"மோட்டார் சார்."

"நான் கை தூக்கலையே."

"மேசைக்கு மேல உங்க கை தெரிஞ்சுது சார். சேத்துட்டேன்."

விழாமல் இருப்பதற்காக மேசை விளிம்பைப் பிடித்திருந்த கை அது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "வேணும்னேதான் போட்டுக்கிட்டுப் போனியாம்மா?"

"இருட்டுல எது கிடைச்சுதோ அதுல காலை விட்டேன் அத்தை" என்றாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "தெரிஞ்சிருந்தா முதல் கூட்டத்துக்கே இப்படிப் போயிருப்பேன்" என்றாள்.

தலைவர் விடுவாரா? அவசரக் கூட்டம் கூட்டினார். அன்று தூக்கியவை மோட்டாருக்கான கைகளே அல்ல, ஆகவே தீர்மானம் செல்லாது என்றார். செல்லாது என்று ஆக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு உறுப்பினரும் எழுந்து நின்று, தான் எதற்காகக் கை தூக்கினார் என்பதைச் சபை அறியச் சொல்ல வேண்டும் என்றார் செயலாளர். விதி அப்படி. ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டால் போதும், மோட்டார் நீரூற்றாகிவிடும்.

பார்வையாளர் முதல் வரிசையில் தபால்காரரும் மனைவியும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு முந்தைய நாள் முறை தவறியிருந்தது. முகம் வீங்கி, கண் இரண்டும் கீற்றாகத் தெரிந்தன. முதல் உறுப்பினர் எழுந்தார்.

"நான் எதுக்குக் கை தூக்கினேன்னா..." என்று தொடங்கினார்.

தபால்காரர் காது கொஞ்சம் மந்தம். சரியாகக் கேட்க வேண்டும் என்று முன்னால் சாய்ந்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டார். அந்த மன்றத்தில் ஒரு மனிதர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

உறுப்பினர் அவரைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "மோட்டாருக்குத்தான்" என்று சொல்லி உட்கார்ந்தார்.

அடுத்தவரும் மோட்டாருக்குத்தான். வெளிநாட்டு மோஸ்தர்க்காரர், மோட்டார் என்றால் தனக்குச் சிறுவயதிலிருந்தே ஈடுபாடு என்றார். கடைசியாகத் தலைவர் எழுந்தார். மேசைக்கு அடியில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று சபையறியச் சொல்ல அவருக்கும் மனம் வரவில்லை. இந்த மோட்டார் தன் நெடுநாள் கனவு என்று அரைமணி நேரம் பேசினார்.

மோட்டார் வந்தது. சுரங்கப்பாதைச் சுவரில் தலைவர் பெயரோடு கல்வெட்டும் வந்தது. திறப்பு விழாச் செய்தி இப்படி முடிந்தது: "பெண் உறுப்பினர் இம்முறை ஒரே நிறத்தில் காலணி அணிந்து வந்தது பலருக்கும் ஏமாற்றமளித்தது." இந்த முறை 'உம்' கூட இல்லை. விழாவில் அவள் பேசினாள், நான் கேட்டேன்.

போன வாரம் நல்ல மழை. மோட்டார் ஒரு இருமல்கூட இல்லாமல் ஓடியது. தபால்காரர் நேரத்துக்குப் போய் நேரத்துக்குத் திரும்பினார். நான் சுரங்கப்பாதை வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், இந்த மோட்டாரை யார் கொண்டுவந்தது தெரியுமா என்று கேட்டேன்.

"கல்வெட்டுல தலைவர் பேருதான் இருக்கு, பெரியம்மா."

நம் பகுதி உறுப்பினரும் ஏதோ முயற்சி செய்ததாகச் சொல்கிறார்களே என்று இழுத்தேன்.

"யாரு, காலுக்கொரு செருப்பு போட்டுட்டுப் போனாங்களே, அவங்களா?" என்று சிரித்தாள். "அவங்க அங்க பேசுவாங்களா என்ன?"

சொல்லிவிட்டு, பாதம்கூட நனையாமல் அந்தப் பக்கம் போய்விட்டாள்.

நீங்களும் உங்கள் ஊர் நிலவரத்தை அவசியம் எழுதுங்கள். உங்கள் பெண் உறுப்பினர் என்ன உடுத்தியிருந்தார் என்று எழுத வேண்டாம், அது எனக்கே தெரியும். போன கூட்டத்தில் அவர் என்ன பேசினார் என்று ஒரே ஒரு வரி போதும். நினைவுக்கு வராவிட்டால் வெற்றுத் தாளாகவே அனுப்பிவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம். இதுவரை எனக்கு வந்தவை எல்லாம் அப்படித்தான் வந்திருக்கின்றன.